அய்யா வெட்டுப்பட்டபோது நான் கை தட்டினேன்

கை தட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எழுதி முடிப்பதற்குள் எங்கேயாவது மழுப்பிவிடுவேன். தேனியில், மதியக் காட்சியில், இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், திரையில் ஒருவனுடைய தலை தனியாகப் போய் விழுந்தது. தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. நான் எழுந்திருக்கவில்லை, எனக்கு மூட்டுவலி. உட்கார்ந்தபடியே தட்டினேன். நன்றாகவே தட்டினேன். மனைவி மடியில் தூங்கிக்கொண்டிருந்த பத்து மாதப் பேத்தி அந்தச் சத்தத்தில் பதறி விழித்து வீறிட்டு அழுதாள்.

வெட்டுப்பட்டவர் யார் என்பது மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் குலசாமி.

அது எப்படி ஒருத்தனுக்குத் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் வகையறாவில் யாரும் சாமியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அய்யா என்போம், அவ்வளவுதான். "அய்யாவுக்கு எண்ணெய் வாங்கிட்டியா", "அய்யா பாத்துக்குவாரு". பட்டமும் அடைமொழியுமாக நீண்ட பேர் ஒன்று மாசி மாதக் கும்பிடுக்கு அடிக்கிற அழைப்புப் பத்திரிகையின் உச்சியில் மட்டும் இருக்கும். பத்திரிகையில் நாங்கள் தேடுவது எங்கள் பேர் விட்டுப்போகாமல் இருக்கிறதா என்பதைத்தான். சினிமாவில் அந்த நீளப் பேரை ஒரே ஒரு தடவை சொன்னார்கள். அதுவும் முரசுச் சத்தத்துக்கு நடுவில். அப்போது நான் பேத்திக்கு ஃபீடிங் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காலையில் பெரியப்பா மகன் போன் செய்தார். அவர்தான் இப்போது அய்யா கோயிலில் பூசை வைக்கிறவர்.

"ஏலே தம்பி, படத்துக்குப் போனியாமே?"

"ஆமாண்ணே. பேத்தியையும் தூக்கிட்டுப் போனோம்."

"எப்பிடி இருந்துச்சு?"

"அந்தத் துரோகிப் பயலப் போட்டுத் தள்ளுன எடம் நல்லா இருந்துச்சுண்ணே."



"கூறுகெட்டவனே," என்றார் அண்ணன். "அது நம்ம அய்யாடா."

போனை வைத்துவிட்டுத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஓடைப்பட்டியில் எனக்கு ஒன்றரை ஏக்கர் பந்தல் இருக்கிறது. பதற்றம் வந்தால் நான் போய் உட்காருகிற இடமும் அதுதான். அன்றைக்கு உட்கார்ந்தும் ஆறவில்லை.

படத்தில் அய்யாவுக்கு இரண்டே காட்சிதான். கறுப்புத் தோல் சட்டை, கண்ணைச் சுற்றி மை, ஆட்டுத்தொடையைக் கடித்துக்கொண்டே ஒரு சிரிப்பு. பாண்டிய ராசாவின் கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிடுகிறார். அடுத்த காட்சியில் ராசா மகன் குதிரையில் வந்து தலையை எடுக்கிறான்.

எங்களுக்குத் தெரிந்த அய்யா வேறு. தெரிந்தது என்னவோ கொஞ்சம்தான். அவர் பாண்டிய ராசாவிடம் படைத்தலைவராக இருந்தார், மலைப்பாதைக்குக் காவல் நின்றார், எதிரி வந்தபோது விலகாமல் நின்று செத்தார், செத்த இடத்தில் கல் நட்டார்கள். கதை அவ்வளவுதான், சொல்லி முடிக்க ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட ஆகாது. மார்க்கையன்கோட்டைக்குப் போகிற வழியில் வயக்காட்டு நடுவில் அந்தக் கல் இன்னும் நிற்கிறது. இடுப்பு உயரம் இருக்கும். ஒரு கால் மடங்கி, ஒரு கை வாளோடு மேலே தூக்கியிருக்கும். முகம் இருந்த இடம் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் தேய்த்ததில் கரைந்துபோன சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று கிடக்கும். கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது.

முகமில்லாத சாமியிடம் பேசுவதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. கவலைப்படுவதற்கென்றே பிறந்த ஆள் நான். மழை வருமோ, வராதோ, காய்ப்புழு விழுமோ, மகன் வண்டியில் வேகமாகப் போவானோ என்று ஒன்று போனால் ஒன்று. அத்தனையையும் கொண்டுபோய் அங்கே கொட்டுவேன். கேட்கிற முகம் சலித்துக்கொள்கிறதா, சிரிக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. கண்ணை மூடினால் ஒரு கறுப்பு வழவழப்பு தெரியும், அதில் எண்ணெய் வாசம் அடிக்கும். எனக்கு அது போதும்.

படம் பார்த்ததற்குப் பிறகு கண்ணை மூடினால் அந்த நடிகன் வந்தான். மையும் கறியும் சிரிப்புமாக வந்து நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு விரட்டினால் கொஞ்சம் பின்னால் போய் மறுபடியும் ஆட்டுத்தொடையைக் கடிப்பான்.

நாலாம் நாள் மழை பெய்தது. பழம் நிறம் ஏறுகிற பருவத்தில் பெய்யக் கூடாத மழை. குலை குலையாகப் பழம் வெடித்துப்போய் ஈ மொய்த்தது. நான் மனைவியிடம், "பாத்தியா, அய்யா ஆரம்பிச்சுட்டாரு" என்றேன்.

"ஓடைப்பட்டி பூராத்துக்கும்தான் வெடிச்சுக் கெடக்கு. அம்புட்டுப் பேருமா கை தட்டுனாக?"

"தட்டியிருப்பாக. யாரு கண்டா?"

"நானுந்தான் சந்தோசப்பட்டேன். கையில பிள்ள இருந்துச்சு, தட்ட முடியல. அதுக்கு எனக்கு என்ன வெடிக்கப் போகுதாம்?"

அவள் அப்படிப் பேசினாலும் அவளுக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. காரணம் பேத்தியின் முடி. மருமகளுக்கு ஏழாம் மாதத்தில் உதிரம் பட்டு, தேனி ஆஸ்பத்திரியில் பிள்ளை தங்குமோ தங்காதோ என்று நின்ற அன்றைக்கு, மஞ்சள் துணியில் காசு முடிந்து அய்யாவை நினைத்து நேர்ந்துகொண்டவள் என் மனைவிதான். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் முதல் முடி உனக்கு என்று சொல்லியிருந்தாள். பிள்ளை நல்லபடியாகவே பிறந்தாள். பதினோராம் மாதத்தில் முடியிறக்க நாள் குறித்திருந்தோம். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் இந்தப் படம் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் குடும்பத்தோடு வந்தான். தேனியில் வண்டி உதிரிபாகக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். மத்தியானச் சாப்பாடு முடிந்தது. கை கழுவிவிட்டு வந்து, "முடிய வேற கோயில்ல எறக்குவோம்ப்பா" என்றான்.

"ஏன்டா?"

"கடையில இருக்க முடியல. குலசாமி யாருன்னு நானே ஒரு தடவ ஒளறித் தொலைச்சிட்டேன். காலையில ஷட்டரத் தூக்குனா, 'என்னப்பா, இன்னைக்கு எந்தக் கோட்டைக் கதவத் தெறக்குற?'ங்கறாக. தெனமும். கஸ்டமரு முன்னாடி."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் முறைத்தான்.

"கேலி பண்றவன் நாலு நாள் பண்ணுவான்டா. அதுக்காகச் சாமிய மாத்துவியா? சினிமாக்காரன் சொல்லிட்டா அது உண்மையா?" என்றேன்.

"சரிப்பா. நீங்க எத வச்சு அவரு நல்லவருன்னு சொல்றீக?"

"எங்கப்பா சொன்னாக."

"அவுகளுக்கு?"

"அவுக அப்பா."

"அவுக யாராச்சும் நேருல பாத்தாகளா? உங்களுக்கும் யாரோ சொன்னதுதான. எனக்கு இவன் சொல்லியிருக்கான். இவன் படம் பிடிச்சுக் காட்டுறான், உங்கப்பா வாயால சொன்னாக. அம்புட்டுதான் வித்தியாசம்."

மருமகள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரி முழுக்க ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்து குத்திக்கொண்டே இருந்தது. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்த ஒன்பதாவதில் சரித்திரப் பரீட்சையில் ஒரு கேள்வி. பாண்டியர் வீழ்ச்சிக்குக் காரணம் என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு. புத்தகத்தில் இருந்தது எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனால் டிவியில் போட்ட ஒரு ராசா படம் வரி வரியாக நினைவிருந்தது. அதையே எழுதினேன். தம்பி அண்ணனுக்கு விஷம் வைத்தது, ஆட்டக்காரி ஓலையை மறைத்தது, கடைசியில் மின்னல் விழுந்தது எல்லாம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். வாத்தியார் அதை வகுப்பு முழுவதற்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். "வசனம் நல்லா எழுதியிருக்கான். பாட்டு எங்கடா, அத மட்டும் ஏன் விட்டுட்ட?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. எனக்குத் தப்பு எங்கே என்றே விளங்கவில்லை. புத்தகத்தில் இருந்த ராசாவுக்கு முகம் கிடையாது. பேரும், ஆண்ட வருசமும், வெட்டிய குளமும்தான். படத்தில் இருந்தவர் அழுதார், வேர்த்தார், தோளில் சால்வை சரிந்தது. எவரை நான் நம்புவேன்? இன்றுவரைக்கும் அந்தத் தம்பி ராசா பேரை எங்கே பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிசத்தில் அப்படி ஒரு தம்பி இருந்தாரா, விஷம் வைத்தாரா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அவருக்கும் எங்கேயோ ஒரு கல்லும், எண்ணெய் தேய்க்கிற ஒரு வகையறாவும் இருக்கலாம் என்பது இந்தப் படத்துக்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது.

திங்கட்கிழமை சின்னமனூருக்குப் பூச்சி மருந்து வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். அந்தப் பாண்டிய ராசாவுக்கு ஏதோ விழாவாம். ராசா என்று போட்டிருந்த முகம் அப்படியே படத்தில் ராசாவாக நடித்த கதாநாயகன் முகம், கொஞ்சம் மீசையை மட்டும் தடியாக்கியிருந்தார்கள். கீழே தேங்காய் உடைத்து, யாரோ சூடம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். நான் நின்று பார்த்தேன். அந்த ராசாவுக்காகத்தான் எங்கள் அய்யா செத்தார் என்று நாங்கள் சொல்கிறோம். ஒரே படத்தில் அவருக்குச் சூடம் கிடைத்தது, எங்கள் ஆளுக்குக் கேலி கிடைத்தது. வாங்க வந்த மருந்தை வாங்காமலே வீடு திரும்பிவிட்டேன்.

அண்ணனைப் போய்ப் பார்த்தேன். அவர் வீட்டுப் பீரோவில் ஒரு தாள் இருந்தது. கொஞ்ச வருசத்துக்கு முன்னால் கல்வெட்டு படிக்கிறவர்கள் வந்து, கல்லில் மை ஒற்றிப் படியெடுத்துப் போனார்கள். படித்ததை ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அண்ணன் பீரோவிலேயே வைத்துவிட்டார். எடுத்துக் கொடுத்தார். இருந்ததே நாலு வரிதான். இன்ன ராசாவின் இத்தனையாவது ஆட்சி வருசத்தில், இந்தப் பேருடையவர் சண்டையில் பட்டார், அதாவது செத்தார், அவர் சனங்கள் கல் நட்டார்கள் என்று எழுதியிருந்தது. நடுவில் ஒரு வரி சிதைந்துபோய், புள்ளி புள்ளியாக விட்டிருந்தார்கள்.

"அண்ணே, எந்தப் பக்கம் நின்னு பட்டாருன்னு இல்லையே?"

"அது அந்தப் புள்ளிக்குள்ள இருக்கும்."

"கதவத் தெறக்கலன்னும் இதுல இல்லண்ணே."

"தெறந்தாருன்னும் இல்லல்ல?" அண்ணன் தாளைப் பிடுங்கி மடித்தார். "ஏலே, நீ சாமி கும்பிட வந்தியா, போலீஸ் விசாரணைக்கு வந்தியா?"

"நட்டதே அவரு சனந்தானேண்ணே. சொந்தக்காரன் கெட்டவன்னு கல்லு வெட்டச் சொல்லுவாகளா? அந்தக் கல்லும் யாரோ சொல்லச் சொல்ல ஒருத்தன் வெட்டுனதுதான? அதுவும் அந்தக் காலத்துப் படந்தான?"

சொன்ன பிறகு நானே பயந்துபோனேன். மகனுடைய பேச்சு என் வாயில் வந்திருந்தது. அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை காலையில வா. பூப் போட்டுப் பாப்போம். முடி வேணுமா வேணாமான்னு அவரே சொல்லட்டும்" என்றார்.

பூப் போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்திலும் செவ்வரளி ஒரு பொட்டலத்திலுமாக வெளியே தெரியாமல் இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. சாமி முன்னால் ஒரே தடவைதான் கேட்க வேண்டும். நான் செய்த தப்பு என்னவென்றால், செவ்வாய்க்கிழமை மோட்டார் ரூமில் தனியாக உட்கார்ந்து ஒத்திகை பார்த்தது. முதலில் சிவப்பு வந்தது. சாமி முன்னால் இல்லையே, இது சேராது என்று மறுபடி போட்டேன். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை வெள்ளை வந்தது. அத்தோடு நிறுத்தினேன். நிறுத்தியதை நினைத்து, வெள்ளை வந்ததும் நிறுத்தினால் அது ஏமாற்று ஆகாதா என்று மறுபடி பதறினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை நானும் மனைவியும் போனோம். அண்ணன் கல்லைக் கழுவி வைத்திருந்தார். எண்ணெய்க் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். தேய்த்தேன். முகம் இருந்த இடத்துக்கு விரல் போனது. அங்கே மையும் இல்லை, சிரிப்பும் இல்லை, விரலுக்கு எதுவுமே தட்டுப்படவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு தேய்த்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. மூடினேன், அந்த நடிகன் வந்துவிட்டான்.

"அண்ணே," என்றேன், "ஒண்ணு சொல்லணும். தியேட்டர்ல அய்யாவ வெட்டுனப்ப நான் கை தட்டுனேன்."

அண்ணன் விபூதித் தட்டைக் கீழே வைத்தார்.

"நான் விசிலடிச்சேன்."

"நீங்களா?"

"ரெண்டு விரலையும் வாயில வச்சு. மொதத் தடவ பாத்தப்ப. வீட்டுக்கு வந்தும் மனசு என்னமோ நெருடுச்சு. மறுநாளு திரும்பப் போயிப் பேர உத்துக் கேட்டேன். அப்பறந்தான் ஒனக்குப் போன் போட்டேன்."

"என்னையக் கூறுகெட்டவன்னு சொன்னீக!"

"நான் மட்டும் கெட்டிருந்தா நல்லாருக்காதுல்ல. தொணைக்கு ஒரு ஆளு வேணும்ல."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல பூசாரி, நல்ல பங்காளி. அய்யா பாவம்."

பூப் பொட்டலங்களை அண்ணன் கல்லின் காலடியில் போட்டார். எடுப்பதற்குச் சின்னப் பிள்ளை வேண்டும். அங்கே யாரும் இல்லாததால், நீயே எடு என்று அவர் என்னைப் பார்த்தார். என் கை எழவில்லை. அந்த நேரத்தில் வரப்பில் ஆள் வருவது தெரிந்தது. மருமகள், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தாள். தேனியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கூட மகன் இல்லை.

"பூப் போடுறீகன்னு அத்த நேத்துப் போன்ல சொன்னாக," என்றாள். மூச்சு வாங்கியது. "என்னத்தக் கேக்குறீக மாமா?"

"முடி இங்கன எறக்கலாமா வேணாமான்னு, ஆத்தா."

"அதக் கேக்குறதுக்கு என்ன இருக்கு? எனக்கு உசுரு போயி உசுரு வந்தப்ப அத்த இவருக்குத்தான் நேந்தாக. அன்னைக்கு இவரு எந்தக் கதவத் தெறந்தாரு, எதச் சாத்துனாருன்னு யாராச்சும் கேட்டோமா? வாங்கிக்கிறப்பக் கேக்காம, குடுக்கறப்ப மட்டும் கேக்குறோம்."

"ஒருவேள அவரு நெசமாவே..." என்று ஆரம்பித்தேன்.

"நெசமாவே கெட்டவரா இருந்தா இருந்துட்டுப் போறாரு மாமா. பேசுனது பேசுனதுதான்."

அவள் போடிக்காரி, ஏலக்காய் யாவாரக் குடும்பத்துப் பெண். விலை பேசி முடித்த பிறகு பேச்சு மாறுவது அவர்கள் வீட்டில் பெரிய கேவலம். குனிந்து இரண்டு பொட்டலத்தையும் எடுத்து, பிரிக்காமலே என் சட்டைப் பையில் போட்டாள். மருமகள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை சட்டைப் பை கனத்துக்கொண்டே இருந்தது. நான் எடுத்திருந்தால் வந்திருப்பது சிவப்பா, வெள்ளையா? பிரித்துப் பார்க்கவும் துணியவில்லை, தூரப் போடவும் முடியவில்லை. மனைவிதான் துவைக்கப் போடும்போது எடுத்துக் கிணற்று மேட்டில் எறிந்தாள். என்ன நிறம் என்று கேட்டதற்கு, "காஞ்சு போச்சு, ரெண்டும் ஒரே நெறந்தான்" என்றாள்.

குறித்த நாளில் முடியிறக்கினோம். போடியிலிருந்து தாய்மாமன் வந்து மடியில் வைத்துக்கொண்டார். மகனும் வந்தான், ஆனால் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு அங்கனயே சாய்ந்து நின்றுகொண்டான். கிட்டே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவன் மறுத்துவிட்டால் அய்யா காதில் விழுமே என்று பயம்.

தலையில் தண்ணீர் பட்டதும் பேத்தி கத்த ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தலையைத் திருப்பினாள். தாய்மாமனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. கத்தி வைத்திருந்தவர், "தலைய அசையாமப் பிடிங்கப்பா, பட்டுரும்" என்று சத்தம் போட்டார். அவ்வளவுதான், மகன் மரத்தடியிலிருந்து ஓடி வந்தான். கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிள்ளையின் கன்னத்தை ஏந்திப் பிடித்தான். அவனுக்குக் கல் பக்கம் முதுகு இருந்தது. முடியும்வரை அப்படியே இருந்தான். ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது.

சந்தனம் பூசி, முடியை இலையில் வைத்துக் கல்லடியில் வைத்தார்கள். சூடம் காட்டினார் அண்ணன். நான் கண்ணை மூடினேன். வந்தான். மையோடு, சிரிப்போடு. விரட்ட நேரமில்லை. சரி, இன்றைக்கு நீயே வாங்கிக்கொள் என்று அந்த முகத்திடமே சொன்னேன். அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா, நடிகனோடு நின்றுவிட்டதா, எனக்குத் தெரியாது.

கண்ணைத் திறந்தபோது பேத்தி அழுகையை நிறுத்தியிருந்தாள். அப்போதுதான் அவள் கை கொட்டப் பழகியிருந்தாள். பாத்திரத்தைப் பார்த்தாலும் கொட்டுவாள், கோழியைப் பார்த்தாலும் கொட்டுவாள். சந்தன மொட்டையோடு கல்லைப் பார்த்தபடி, இரண்டு கையையும் விரித்து விரித்து, சத்தம் வர வரத் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். மகன்கூடச் சிரித்தான்.

"நீங்களும் தட்டுங்களேன், தாத்தாவுக்குத்தான் நல்லாத் தட்ட வருமே," என்றாள் மனைவி.

அண்ணன் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பேத்தி என்னைப் பார்த்துக் கை கொட்டிக்கொண்டே இருந்தாள். என் கை இரண்டையும் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.